பழைய ஜப்பானிய டெலஸ்கோப்பில் படம் சரியில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

1950-களிலிருந்து 1980 வரை ஜப்பானில் செய்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற 60 மி.மீ., 75 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்புகளைச் சேகரிப்பவர்களுக்கானது இது. குழாயின் மேல் யூனிட்ரான், டாஸ்கோ, சியர்ஸ், ஸ்விஃப்ட் என்று எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் இரட்டை லென்ஸ், நீளக் குழாய், படத்தைக் கூர்மையாக்கப் பல் சக்கரத்தில் ஓடும் ஃபோகசர், 24.5 மி.மீ. குழலுள்ள ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்). கடைப்பெயர்கள் ஏராளம், செய்த பட்டறைகள் கொஞ்சம். யூனிட்ரானும் ஐரோப்பாவில் விற்ற போலாரெக்ஸும் டோக்கியோவின் நிஹோன் செய்கோ கென்க்யூஷோ செய்தவை. வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து இருந்தால் டோவா. ஜேடிஐஐ என்ற தங்க நிற முட்டை வடிவ ஸ்டிக்கர், ஜப்பானின் டெலஸ்கோப் பரிசோதனை நிறுவனம் பார்த்து அனுப்பியதற்கான அடையாளம்.

எந்த அறிகுறியானாலும் சோதனை பின்னாலிருந்து முன்னால் போகட்டும்: ஐபீஸ், டயகனல் (ஐபீஸுக்கு முன் ஒளியை மடக்கித் திருப்பும் துண்டு), ஃபோகசர், கடைசியில்தான் முன் லென்ஸ். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படம் மங்கல் என்றதும் முன் லென்ஸைக் கழற்றித் துடைக்கிறார்கள். கோளாறு ஐபீஸிலேயே இருந்துவிடும். ஐம்பது ஆண்டு தாங்கிய லென்ஸில் கோடு விழுந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: ரப்பர் ஊதுகுமிழ், சின்ன எல்இடி டார்ச், மருத்துவப் பஞ்சு, டிஸ்டில்டு வாட்டர், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வெள்ளை லித்தியம் கிரீஸ், மென்மையான பென்சில், ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) முனை ஸ்க்ரூடிரைவர். கடைசியாகச் சொன்னதைத் தவிர்க்கவே முடியாது. ஜப்பானியக் கூட்டல்குறித் திருகும் நாம் வழக்கமாக வாங்கும் பிலிப்ஸ் முனையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முழுதாக உள்ளே உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறித் திருகின் தலையைத் தின்றுவிடும். ஜப்பானிய பைக்குகளுக்கென்று விற்கும் ஜேஐஎஸ் முனையில் 1, 2 எண்கள் போதும்.

பெட்டியில் ‘சன்’ என்று எழுதிய கரும்பச்சைக் கண்ணாடி, ஐபீஸில் திருகுவதுபோல இருந்தால் அதை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். முன் லென்ஸ் குவிக்கும் சூரிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும், பார்வை போய்விடும். சேகரிப்பு முழுமையாக இருக்கட்டும் என்று இதை வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லதல்ல. பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு அது சேகரிப்புப் பொருள் என்று தெரியாது.

அறிகுறி 1: ஒன்றுமே தெரியவில்லை, அல்லது ஃபோகஸ் கிடைக்கவில்லை

இருட்டாகவே இருக்கிறது என்றால்

முன் மூடியைப் பாருங்கள். பல 60 மி.மீ. டெலஸ்கோப்புகளில் மூடி இரண்டு அடுக்காக வரும்: பெரிய மூடி, அதன் நடுவில் தனியே கழலும் ஒரு குட்டி மூடி. குட்டியை மட்டும் எடுத்துவிட்டு முழுதும் திறந்தாயிற்று என்று நினைப்பது சாதாரணமாக நடப்பது. நிலா தெரியும், மங்கலான நட்சத்திரம் தெரியாது.

அடுத்தது ஐபீஸ். பெட்டியில் இருப்பதிலேயே பெரிய எண்ணுள்ளதை, 20 அல்லது 25 மி.மீ., போடுங்கள். 900 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் அது 45 அல்லது 36 மடங்கு. பகலிலேயே தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பிடித்து, பக்கத்துச் சிறு ஃபைண்டரை (இலக்கைத் தேடிப் பிடிக்க உதவும் குட்டி டெலஸ்கோப்) அதே புள்ளிக்குத் திருகி ஒத்துவையுங்கள். இரவில் இதைச் செய்ய முயல வேண்டாம்.

வெளிச்சம் வருகிறது, ஆனால் கூர்மையாகவில்லை என்றால்

முதலில் எந்த ஐபீஸ் என்று பாருங்கள். ‘எஸ்ஆர் 4’ போட்டிருந்தால் அது 225 மடங்கு. 60 மி.மீ. லென்ஸுக்கு 120-க்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. இருளும் மங்கலும்தான் மிச்சம். இது பழுதல்ல. பெட்டியின் மேல் பெரிய எண் அச்சிடுவதற்காகச் சேர்த்த ஐபீஸ் அது. ஒதுக்கி வைத்துவிட்டு 9 அல்லது 12.5 மி.மீ. போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் நிலாச் சோதனை. ஐபீஸையும் டயகனலையும் எடுத்துவிடுங்கள். நிலாவை நோக்கித் திருப்பி, ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளி, பின்வாய்க்குப் பின்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 900 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 8 மி.மீ. அகலமுள்ள நிலா தாளில் கூர்மையாக விழும் இடம் ஒன்று இருக்கும். பின்வாயிலிருந்து அதுவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இனி முடிவு அந்த எண்ணைப் பொறுத்தது.

தூரம் மிக அதிகம், ஃபோகசரை முழுக்க வெளியே இழுத்தும் எட்டவில்லை: டயகனல் இல்லாமல் நேராக ஐபீஸைச் செருகியிருக்கிறீர்கள், அல்லது நீட்டிப்புக் குழல் தொலைந்திருக்கிறது. டயகனல் தனக்குள்ளேயே சில அங்குல ஒளிப்பாதையை விழுங்கும். அதைக் கணக்கில் வைத்துத்தான் குழாயின் நீளத்தை வெட்டியிருப்பார்கள். டயகனல் கிடைக்கும்வரை, வெளிவிட்டம் 24.5 மி.மீ. உள்ள ஒரு நீட்டிப்பை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். உட்புறம் மங்கலான கறுப்பு பூசச் சொல்லுங்கள்; பளபளப்பாக விட்டால் நிலாவைச் சுற்றி வெளிச்சம் சிதறும்.

தூரம் மிகக் குறைவு, ஃபோகசர் முழுக்க உள்ளே போயும் இன்னும் உள்ளே போக வேண்டும் போலிருக்கிறது: யாரோ 24.5-இலிருந்து 31.7 மி.மீ.-க்கு மாற்றும் டயகனலைப் போட்டிருக்கிறார்கள். அதன் ஒளிப்பாதை பழைய டயகனலைவிட நீளம். பழையதையே போடுங்கள், அல்லது டயகனலை எடுத்துவிட்டு நேராகப் பாருங்கள். குழாயைச் சில சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வேலை செய்யும். சேகரிப்பவருக்கு அதோடு அந்தக் குழாயின் மதிப்பு போயிற்று.

தாளில் எங்குமே நிலா கூர்மையாக விழவில்லை என்றால் முன் லென்ஸைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அறிகுறி 3-க்குப் போங்கள்.

அறிகுறி 2: படம் வெளுத்து, மூடுபனி போட்டாற்போல் இருக்கிறது

ஐபீஸை மாற்றிப் பாருங்கள். மங்கல் போய்விட்டால் கோளாறு அந்த ஐபீஸில். பழைய கெல்னர் வகையில் ஒட்டிய லென்ஸ் இருக்கும், ஒட்டு மஞ்சளாகி வெளுக்கும். ஹைகன்ஸ் வகையில் ஒட்டு கிடையாது, பூஞ்சையோ தூசியோதான். அடுத்து டயகனலை எடுத்துவிட்டு நேராகப் பாருங்கள். அதன் முக்கோணக் கண்ணாடியின் முகங்களில் சிகரெட் புகைப் படலம் இருப்பது வெகு சாதாரணம்.

இரண்டும் சுத்தம் என்றால்தான் முன் லென்ஸ். இருட்டறையில் பின்வாயில் டார்ச்சை வைத்து, முன்புறத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். இந்தச் சோதனையில் எந்த லென்ஸும் பயங்கரமாகத்தான் தெரியும், பதற வேண்டாம். எண்ணிக்கை முக்கியமல்ல, வகைதான் முக்கியம்.

2அ. தனித்தனிப் புள்ளிகள்: தூசி

ஊதுகுமிழால் ஊதுங்கள், போதும். நூறு புள்ளி இருந்தாலும் படத்தில் தெரியாது. கேமரா கடையில் விற்கும் அழுத்தக் காற்று டப்பா வேண்டாம்; சாய்த்துப் பிடித்தால் திரவமாகத் துப்பிக் கறை போடும்.

2ஆ. சீரான படலம்: எண்ணெய், புகை, கிரீஸ் ஆவி

முன் லென்ஸின் வெளிமுகத்தில் மட்டும் இருந்தால் கழற்றாமலே துடைக்கலாம். குழாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், திரவம் விளிம்பு வழியே உள்ளே போகக் கூடாது. ஊதுங்கள். 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு. பஞ்சை நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு, பஞ்சின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைத் தூக்கி எறியுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் சானிடைசரும் ஆகாது. சேர்மானங்கள் படலமாகத் தங்கும். அசிட்டோன் லென்ஸுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் சுற்றியுள்ள கறுப்புப் பெயிண்டைக் கரைத்துக் கொண்டுவந்து லென்ஸில் அப்பும்.

நீலமோ ஊதாவோ பளபளக்கும் ஒற்றை அடுக்குப் பூச்சு இருந்தால் ஓரத்தில் ஒரு முறை துடைத்துப் பஞ்சையும் நிறத்தையும் பாருங்கள். அந்தக் காலப் பூச்சில் சில மிருதுவானவை, குறிப்பாக உள்முகங்களில் இருப்பவை. நிறம் மங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பூச்சு கொஞ்சம் போனாலும் படம் கெடாது, ஒளி சிறிது குறையும், அவ்வளவுதான். திட்டுத்திட்டாகப் போனால் விற்கும்போது விலை இறங்கும்.

2இ. இழை இழையாக, கிளைவிட்டு: பூஞ்சை

இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவில் சிலந்தி வலை பின்னினாற்போல் தெரிந்தால் இதுதான். 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நீடிக்கும் இடத்தில், இருட்டில், காற்றோட்டமில்லாமல் வைத்தால் வரும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்கலாம். பூஞ்சை உமிழும் அமிலம் கண்ணாடியை அரிக்கும். இழையைத் துடைத்தபின் அதே வடிவத்தில் மங்கலான தடம் நின்றால் அது அரிப்பு, எந்தத் திரவத்துக்கும் போகாது. ஆகவே காலம் கடத்தாமல் லென்ஸைப் பிரித்தாக வேண்டிய ஒரே நிலை இது.

பிரிக்கும் முறையை அவசரமில்லாமல் படியுங்கள்.

1. லென்ஸ் கூட்டைக் குழாயிலிருந்து திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் எதிர்க் கடிகாரத் திசை. கைக்கு அசையவில்லையென்றால் ரப்பர் கையுறை. அதற்கும் அசையாவிட்டால் கூட்டின் வெளிப்புறத்தை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் இளஞ்சூடாக்குங்கள். குறடு வேண்டாம்.

2. முன் வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். லென்ஸ் ஸ்பேனரின் இரு முனைகளையும் அதில் பொருத்தித் திருப்புங்கள். கத்தரிக்கோல் முனையால் முயன்றவர்களின் கைவேலை பல பழைய லென்ஸ்களில் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு நீளக் கீறலாக நிற்கிறது.

3. லென்ஸைவிடச் சற்றே குறுகலான ஒரு டப்பாவை நிமிர்த்தி, மேலே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். வளையம் எடுத்த முன்பக்கம் மேலே இருக்கும்படி கூட்டை அதன்மேல் வைத்து, கூட்டை மட்டும் மெதுவாகக் கீழே இறக்குங்கள். இரண்டு லென்ஸ்களும் ஒன்றாக டப்பாவின் மேல் நின்றுகொள்ளும். இறங்காமல் சிக்கினால் சாய்ந்துவிட்டது என்று பொருள். தள்ளாதீர்கள், திரும்ப ஏற்றிக் கூட்டைப் பக்கவாட்டில் விரலால் தட்டுங்கள்.

4. பிரிக்கும் முன், இரண்டு லென்ஸ்களின் விளிம்பிலும் சேர்ந்து படும்படி பென்சிலால் ஒரு ‘ட’ போடுங்கள். முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி. ஏற்கெனவே பட்டறையில் போட்ட பென்சில் குறி இருந்தால் அதை அழிக்காதீர்கள்.

5. நடுவில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று குட்டித் தகரத் தாள்கள், அல்லது ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அவை எங்கே இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொலைந்தால் மூன்றையும் மாற்றுங்கள். மீதி இருப்பதன் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து அதே தடிமனில் வெட்டுங்கள். மூன்றும் ஒரே தடிமனாக இருப்பதுதான் முக்கியம், உலோகம் எது என்பதல்ல.

6. மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். சமஅளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 சதவீதம். பஞ்சில் நனைத்துப் பூஞ்சை உள்ள முகத்தில் மூன்று நான்கு நிமிடம் போர்த்தி வையுங்கள். எடுத்து, 2ஆ-வில் சொன்னபடி துடையுங்கள். பென்சில் குறி இருக்கும் விளிம்பை நனைக்காதீர்கள்.

7. திரும்பச் சேர்க்கும்போது: இரு பக்கமும் புடைத்த கிரௌன் கண்ணாடி வானத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் ஏறக்குறையத் தட்டையான, கனமான ஃப்ளின்ட் கண்ணாடி உள்ளே. அதன் குழி கிரௌனை நோக்கி. வளையத்தை லென்ஸைத் தொடும்வரை திருகி, பிறகு ஒரு இம்மி தளர்த்துங்கள். கூட்டைக் காதருகே வைத்து அசைத்தால் மிக மெல்லிய ‘டிக்’ கேட்க வேண்டும். அந்த ஒலி இல்லையென்றால் இறுக்கம் அதிகம்.

பூஞ்சை திரும்ப வராமலிருக்க, டெலஸ்கோப்பை அதன் பழைய மரப்பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பெட்டியும் உள்ளே ஒட்டிய வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு, தனியே வைக்கலாம். குழாயையும் ஐபீஸ்களையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். நாப்தலீன் உருண்டை வேண்டாம், ஆவியாகி லென்ஸிலேயே படியும். அரிசிப் பானையும் வேண்டாம். மாவுத் தூசுதான் மிஞ்சும்.

2ஈ. ஓரத்தில் வானவில் நிறத் திட்டு, அல்லது நடுவில் மஞ்சள்: ஒட்டு விட்டது

60 மி.மீ. முன் லென்ஸ்கள் பெரும்பாலும் காற்றிடைவெளி வகை, ஒட்டு இருக்காது. ஃபைண்டரிலும் கெல்னர் ஐபீஸிலும் 19-ஆம் நூற்றாண்டுப் பித்தளைக் குழாய்களிலும் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். அது வயதாகி உரியும். ஃபைண்டரில் சின்னத் திட்டு என்றால் விட்டுவிடுங்கள், பார்ப்பதற்குத் தடையில்லை. மதிப்புள்ள முன் லென்ஸில் என்றால் நிபுணரிடம் போகும் கட்டம் இது. சூடாக்கிப் பிரித்து, கரைப்பானில் கழுவி, மையம் பார்த்து ஒட்ட வேண்டும். சூடு ஒரே சீராக ஏறாவிட்டால் கண்ணாடியில் விரிசல் விழும். கேமரா லென்ஸ் பழுது பார்ப்பவரைவிட, தியோடோலைட், மைக்ரோஸ்கோப் பழுது பார்ப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்.

அறிகுறி 3: நட்சத்திரம் புள்ளியாக நிற்கவில்லை

இதற்கு உச்சி வானில் இருக்கும் நடுத்தர ஒளியுள்ள நட்சத்திரம் ஒன்று வேண்டும். அடிவானத்தில் இருப்பது வேண்டாம். அங்கே காற்றே ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமாகப் பிரித்துவிடும். உச்சியிலும் அப்படிப் பிரிந்தால் மட்டுமே லென்ஸைச் சந்தேகியுங்கள். பிரகாசமான பொருளைச் சுற்றி மெல்லிய ஊதா விளிம்பு தெரிவது இரட்டை லென்ஸின் இயல்பு. 60 மி.மீ., 900 மி.மீ. அமைப்பில் அது மிகக் குறைவாகவே இருக்கும்.

வெளியே வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஏசி அறையிலிருந்து கடலோர இரவுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். துடைக்காதீர்கள், தானாகப் போகும்.

பிறகு மூன்று சுழற்சிகள், இந்த வரிசையில்:

தலையைச் சாயுங்கள். வடிவம் தலையோடு சேர்ந்து சுழன்றால் அது உங்கள் கண்ணின் சிலிண்டர் பவர். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

டயகனலைச் சுழற்றுங்கள். வடிவம் அதோடு சுழன்றால் டயகனல்தான் குற்றவாளி. பழைய மலிவு டயகனல்களில் முக்கோணக் கண்ணாடியை ஒரு தகர ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். அது நழுவியிருக்கும், அல்லது கண்ணாடியின் விளிம்பு உடைந்திருக்கும். மூடியின் திருகுகளை எடுத்து நேராக உட்காரவைத்தாலே பாதி சரியாகிவிடும்.

முன் லென்ஸ் கூட்டைக் கால் சுற்று திருப்புங்கள். வடிவம் அதோடு சுழன்றால் மட்டும் கீழே தொடருங்கள்.

முக்கோண வடிவம்: வளையம் மிக இறுக்கம். கால் சுற்று தளர்த்துங்கள், ‘டிக்’ ஒலி வரும்வரை. குளிர்ந்த இரவில் மட்டும் முக்கோணமாகிறது என்றாலும் காரணம் இதேதான். உலோகக் கூடு குளிரில் சுருங்கி நெரிக்கிறது.

எல்லாப் பக்கமும் பஞ்சுபோல் விரிவு, எங்கும் கூர்மையில்லை: லென்ஸ் திருப்பிப் போடப்பட்டது, அல்லது இடைத் தாள்கள் இல்லை. பழைய டெலஸ்கோப் வாங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி. ‘லென்ஸ் போச்சு’ என்று மலிவாக விற்றுவிடுகிறார்கள், பத்து நிமிட வேலையில் உயிர் வந்துவிடும். பல விதமாகத் தவறாகப் போட முடியும் என்பதால், முன்னால் சொன்ன கிரௌன், ஃப்ளின்ட் ஒழுங்கைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். மேசையில் வைத்து உருட்டிப் பார்த்தால் தட்டை முகம் எது என்று உடனே தெரியும் என்பார்கள். அதைவிட, ஒவ்வொரு முகத்திலும் ஜன்னலின் பிரதிபலிப்பைப் பாருங்கள். குழி முகத்தில் அது தலைகீழாகத் தெரியும்.

ஒரு பக்கம் வால் விட்டது போல்: லென்ஸ் குழாயின் அச்சுக்குச் சாய்ந்திருக்கிறது. டயகனலை எடுத்துவிட்டு, முன் மூடியைப் போட்டு, ஃபோகசரில் செஷயர் ஐபீஸை (மையம் பார்க்க உதவும், லென்ஸில்லாத துளைக் குழல்) செருகிப் பாருங்கள். லென்ஸின் முகங்களிலிருந்து வரும் வெளிச்ச வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். 24.5 மி.மீ. செஷயர் கிடைப்பது கடினம். பாழான ஐபீஸின் குழலில் 2 மி.மீ. கண் துளையும், உள்ளே 45 டிகிரியில் துளையிட்ட வெள்ளை அட்டையும், பக்கத்தில் வெளிச்சம் நுழைய ஒரு வெட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம். வட்டங்கள் விலகியிருந்தால்: முதலில் கூட்டை முழுக்கக் கழற்றித் திரும்பத் திருகுங்கள், மரை ஏறுமாறாகப் பிடித்திருக்கலாம். பிறகு ஃபோகசரைக் குழாயோடு பிணைக்கும் மூன்று திருகுகள். கூட்டின் பின்னால் மூன்று ஜோடித் திருகுகள் இருந்தால் (பெரிய யூனிட்ரான்களில் உண்டு) ஒன்று இழுப்பது, ஒன்று தள்ளுவது. ஒன்றைத் தளர்த்தாமல் மற்றதை இறுக்காதீர்கள். 60 மி.மீ.-இல் பொதுவாக இந்த வசதி கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் கோடாகவோ சிலுவையாகவோ வந்தால், ஃப்ளின்ட்டை மட்டும் கிரௌனுக்கு எதிராக 30 டிகிரி திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் நட்சத்திரம் பாருங்கள். ஒரு நிலையில் தெளிவு கூடினால் முன்பு யாரோ குறியில்லாமல் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். எந்த நிலையிலும் மாறவில்லையென்றால் கண்ணாடியே அப்படி. வேறு டெலஸ்கோப்பின் லென்ஸ் பாதி கலந்திருக்கலாம். கண்ணாடியைத் திரும்பத் தேய்க்கச் செலவழிப்பது 60 மி.மீ.-க்குக் கட்டுப்படியாகாது.

அறிகுறி 4: ஃபோகசர் இறுக்கம், வழுக்கல், ஆட்டம்

*இறுக்கம்:* பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது. பித்தளையோடு சேர்ந்து பச்சையாகவும் இருக்கும். பல் சக்கரத்தின் மேல் மூடியின் நான்கு திருகுகளையும் எடுத்து, அச்சைக் கழற்றி, குழலை வெளியே இழுங்கள். லென்ஸ் கூடு குழாயில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கரைப்பான் ஆவி லென்ஸின் உள்முகத்தில் படியும். மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பற்களில் மட்டும் அரிசி மணியளவு லித்தியம் கிரீஸ். டபிள்யூடி-40 அடித்து முடித்துக்கொள்வது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும், மறுபடி இறுகும்.

*வழுக்கல்:* அதே நான்கு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று இறுக்குங்கள். அப்போதும் ஒரே இடத்தில் ‘கடக்’ என்று குதித்தால் பல் உடைந்திருக்கிறது. செத்துப்போன வேறொரு டெலஸ்கோப்பிலிருந்து மாற்றுவதே மலிவு.

*ஃபோகஸ் செய்யும்போது படம் பக்கவாட்டில் தாவுகிறது:* குழலுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ஃபெல்ட் தேய்ந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டும் ஃபெல்ட் பட்டைகளை, பழையவை இருந்த இடத்திலேயே ஒட்டுங்கள்.

தொலைந்த திருகுக்குப் பதில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஜப்பானிய மரை இன்றைய மெட்ரிக் மரை அல்ல. 3 மி.மீ. திருகில் மரை இடைவெளி 0.6 (இன்று 0.5), 4 மி.மீ.-இல் 0.75 (இன்று 0.7), 5 மி.மீ.-இல் 0.9 (இன்று 0.8). புதுத் திருகு இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே வலுக்கட்டாயமாகத் திருப்பினால் துளையின் மரை போய்விடும். பட்டறையில் மரை இடைவெளியைச் சொல்லிக் கடையச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: தொட்டால் ஆடுகிறது

குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, படம் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்குள் நின்றால் நல்ல நிலை. மேலே போனால் முதலில் மரக்கால்களின் சிறகு நட்டுகளை இறுக்கி, நடுத் தட்டை மாட்டுங்கள். தட்டு வெறும் ஐபீஸ் வைக்கும் இடமல்ல, கால்களைப் பூட்டுவதே அதுதான். தட்டு தொலைந்திருந்தால் சங்கிலியாவது கட்டுங்கள். கீல் ஆணிகளில் நைலான் வாஷர் போட்டால் மரம் தேயாது.

அப்புறமும் ஆடினால் மெதுவாகத் திருப்பும் வார்ம் கியர். அதன் தாங்கியைப் பிடித்திருக்கும் இரு திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தோடு அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். ஒரு முழுச் சுற்று கையால் திருப்பிப் பார்த்து, எங்காவது இறுகினால் கொஞ்சம் விடுங்கள். மலிவு மாடல்களில் மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி) துத்தநாக வார்ப்பு. அதில் விரிசல் இருந்தால் வெல்டிங் பிடிக்காது, எபாக்சி சுமை தாங்காது. அந்தப் பாகத்தை அலுமினியத்தில் கடைந்து போட வேண்டியதுதான். உடைந்ததைப் பெயர் எழுதிய பையில் வைத்திருங்கள்.

அறிகுறி 6: மோட்டார் ஓடுகிறது, ஆனால் கிரகம் நழுவுகிறது

அமெரிக்காவுக்கென விற்ற மோட்டார்களுக்கு, அமெரிக்கத் தயாரிப்பான ஆரஞ்சுக் குழாய் செலஸ்ட்ரான் சி8, கிரைடீரியன் ஆர்வி-6 ஆகியவற்றுக்கும் சேர்த்து, இது பொருந்தும். தகட்டில் 110 முதல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். நம் சுவரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் மோட்டார் எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸை வைத்துத்தான். ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். வானம் நொடிக்கு 15 ஆர்க் நொடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் நொடி) நகர, மோட்டார் 12.5 தான் துரத்தும். 45 ஆர்க் நொடி அகலமுள்ள வியாழன் 18 நொடியில் தன் அகலத்துக்கு நழுவிவிடும்.

தீர்வு: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் சைன் அலை இன்வெர்ட்டர். மோட்டார் சில வாட்தான் எடுக்கும், இருப்பதில் சின்னது போதும். வாங்கும் முன் வெளியீடு 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் விற்கும் பெரும்பாலானவை 50.

முனகுகிறது, திரும்பவில்லை என்றால் கிளட்சைத் தளர்த்தி மோட்டார் மட்டும் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் கியர்ப் பெட்டியின் கிரீஸ் இறுகியிருக்கிறது. ஓடாவிட்டால், அல்லது வயரின் ரப்பர் நொறுங்கியிருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தக் கால வயர்களில் எர்த் கிடையாது, உடல் முழுக்க உலோகம், பனி ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பீர்கள். இன்வெர்ட்டர் வந்தாலும் புது வயர் கட்டாயம்.

அறிகுறி 7: பித்தளை, ‘லண்டன் 1917’ முத்திரை, படம் மட்டும் கலங்கல்

ஜப்பானியக் குழாய் தேடுபவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் பொருள் என்பதால் இங்கே. ‘கெல்வின் அண்ட் ஹ்யூஸ், லண்டன், 1917’ என்றிருந்தால் சோதனையே வேண்டாம். அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947-இல். ரூர்க்கி பக்கம் அலங்காரப் பொருளாகச் செய்து ஏற்றுமதியாகும் பித்தளைக் குழாய்கள் இவை. முன்னால் பெரும்பாலும் ஒற்றை லென்ஸ்தான், நிறம் பிரியாமல் பார்க்க வழியே இல்லை. ஐபீஸ் மாற்றினாலும் மையம் பார்த்தாலும் தேறாது. உண்மையிலேயே பழையதா என்று சந்தேகமாக இருந்தால் முன் லென்ஸின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: இரண்டு கண்ணாடி சேரும் கோடு தெரிந்தால் மேலே விசாரிக்கலாம். பித்தளையைப் பிராசோ போட்டுத் தேய்க்கும் எண்ணத்தை அதுவரை ஒத்திவையுங்கள். பழைய லாக்கர் பூச்சு ஒரு முறை போனால் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடும்.